வன்னிக் குளக்கரையில் முகாம்: எந்த முதலுதவியைக் கையால் பழகிக்கொண்டு போக வேண்டும்?

கேள்வி இது: இலங்கையின் வடக்கே வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கத்து இளைஞர் கழகம் ஒன்று ஓகஸ்ட் விடுமுறையில் 12 முதல் 17 வயது வரையான 25 பிள்ளைகளைக் குளக்கரை ஒன்றில் இரண்டு இரவு தங்கவைக்கப் போகிறது. பொறுப்பாளர்கள் நான்கு பேர். ஒருநாள் முதலுதவிப் பயிற்சி போதுமா? எதை முதலில் பழகுவது? பெட்டிக்குள் என்ன வைப்பது?

ஒருநாள் பயிற்சியில் தொடங்கலாம், அதோடு நிறுத்த முடியாது. நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பழக்கம் சில மாதங்களிலேயே கையை விட்டுப் போகத் தொடங்கும். சித்திரையில் வகுப்புக்குப் போனவருக்கு ஆவணியில் வேகமும் ஆழமும் மறந்திருக்கும், சான்றிதழ் மட்டும் சுவரில் இருக்கும். செஞ்சிலுவைச் சங்கத்திடமோ சென் ஜோன் அம்புலன்ஸ் படையிடமோ சாரணர் தலைவர்களிடமோ பழகுங்கள். யாரிடம் பழகினாலும், புறப்படுவதற்கு முந்திய வாரம் இரண்டு மணித்தியாலம் ஒதுக்கி, தங்கப்போகிற குளக்கட்டிலேயே எல்லாவற்றையும் ஒருமுறை செய்து பாருங்கள். பயிற்சியாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, பழகுவதற்குப் பொம்மை கொண்டு வருவாரா என்பது. படம் காட்டி முடியும் வகுப்பில் நெஞ்சு எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பது யாருக்கும் பிடிபடாது. தலையணையில் தாளத்தைப் பழகலாம், ஆழத்தைப் பழக முடியாது.

நகரத்துக்காக எழுதப்பட்ட பாடங்கள் பத்து, பதினைந்து நிமிடத்தில் வாகனம் வந்துவிடும் என்று எண்ணி எழுதப்பட்டவை. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதி மட்டும் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். அந்த வீதியிலிருந்து குளத்துக்கு உள்ளே போகும் கிரவல் பாதை மழைக்குப் பிறகு உழவு இயந்திரத்துக்குத்தான் வழிவிடும். மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு ஆதார வைத்தியசாலைகளும், கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு மாஞ்சோலை மாவட்ட வைத்தியசாலைகளும் உங்களுக்கு இருக்கின்றன. ஆனால் அங்கே போய்ச் சேரும்வரையுள்ள முதல் ஒரு மணித்தியாலம் உங்கள் நால்வரின் கையில்தான். எனவே பாடப் புத்தகத்தின் வரிசையை விடுங்கள். முதல் சில நிமிடங்களில் கை செய்வதே உயிரை முடிவுசெய்யும் விடயங்கள் மூன்று: தண்ணீரில் மூச்சு நின்றுபோதல், பெரும் இரத்தப்பெருக்கு, கடும் வெப்பத்தாக்கம். பாம்புக்கடியில் தவறாக ஒன்றைச் செய்யாமல் இருப்பதே பாதி உதவி. இந்த நான்கையும் கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்கிற அளவுக்குப் பழகுங்கள். சுளுக்கும் சிராய்ப்பும் பிறகு வரட்டும்.

குளத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பிள்ளைகள் முகாமுக்கு வருவதே அதற்காகத்தான். போவதற்கு முன் அந்தக் குளத்தில் வலை போடுகிறவர் ஒருவரையும், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் துருசு (மதகு) திறக்கிறவரையும் கண்டு பேசுங்கள். முதலை எந்தப் பக்கம் படுக்கிறது, மண் அள்ளிய கிடங்கு எங்கே, தாமரைக்கொடி எங்கே அடர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். துருசு வாயிலுக்கும், மிகைநீர் வழியும் வானுக்கும் கிட்ட ஒருவரும் இறங்கக் கூடாது. துருசு திறந்திருக்கும்போது மேலே தண்ணீர் அமைதியாகத் தெரியும், கீழே இழுக்கும். ஆவணியில் தண்ணீர் வற்றி அலைகரை அகன்றிருப்பதால் ஆழம் குறைவு என்று எண்ணிவிடுவார்கள். முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்துபோகிற பிள்ளை அடுத்த அடியில் கிடங்குக்குள் போவது அப்போதுதான் நடக்கிறது. இருட்டத் தொடங்கியதும் அலைகரையில் கால் கழுவக்கூட விட வேண்டாம். முதலைக்கும் யானைக்கும் அது தண்ணீர் நேரம்.

குளிக்கும்போது எட்டுப் பேருக்கு மேல் ஒரே தடவையில் இறக்காதீர்கள். இடுப்பளவு ஆழத்தில் கயிறு கட்டி எல்லை காட்டுங்கள். பிள்ளைகளைச் சோடி சோடியாகப் பிரித்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில் அடித்ததும் ஒவ்வொரு சோடியும் கைகோத்து உயர்த்த வேண்டும். கரையில் நிற்கும் பொறுப்பாளர் ஒருவருக்கு வேறு வேலை எதுவும் கிடையாது. அவர் கையில் போன் இருக்கக் கூடாது. மூழ்குகிற பிள்ளை கத்தி உதவி கேட்கும் என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும், தலை பின்னால் சாய்ந்திருக்கும், கைகள் இரண்டும் தண்ணீரைக் கீழ்நோக்கி அமத்தும், சத்தம் வராது. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பார்க்கிறவருக்கு விளையாடுவது போலவே தெரியும்.

காப்பாற்றப் பாய்கிறவரும் சேர்ந்து மூழ்குவது குளங்களில் திரும்பத் திரும்ப நடக்கிற விபரீதம். தவிக்கிற ஒருவர் கைக்கு எட்டியதை இறுகப் பிடித்து அதன்மேல் ஏறுவார், அது காப்பாற்ற வந்தவரின் கழுத்தாகவும் இருக்கலாம். எனவே பிள்ளைகளுக்கு இந்த ஒழுங்கைப் பழக்குங்கள்: முதலில் சத்தமிடு, அடுத்து தடியை நீட்டு, எட்டாவிட்டால் மிதப்பதை எறி. எறிவதற்கு நல்ல கருவி ஐந்து லீற்றர் பிளாஸ்ரிக் கான். அதில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு மூடியை இறுக்கி, கைப்பிடியில் 15 மீற்றர் நைலோன் கயிற்றைக் கட்டுங்கள். வெறும் கானைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும், அந்தக் கொஞ்சத் தண்ணீர்தான் எறிகிற பாரத்தைத் தருகிறது. கயிற்றின் மறுமுனையைக் காலடியில் மிதித்துக்கொண்டு, தவிப்பவரின் தலைக்கு அப்பால் போய் விழும்படி எறிந்து, பிறகு அவர் கைக்கு இழுக்க வேண்டும். கயிறு சிக்குப்படுவதே பெரும்பாலும் பிழைக்கிற இடம். சுருட்டி முடிச்சுப் போட்டு வைக்காமல், ஒரு உரப்பைக்குள் மறுமுனையிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி வையுங்கள், எறியும்போது தானாக ஓடி வரும். இப்படி இரண்டு கான் செய்து, பிள்ளைகள் ஒவ்வொருவரும் பத்துத் தடவை எறியட்டும். ஒரு பின்னேரம் போதும். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டாகவும் இருக்கும்.

கரைக்கு வந்ததும் தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் தலையைப் பின்னால் சாய்த்து நாடியை உயர்த்தி, பத்து விநாடிக்கு மேற்படாமல் மூச்சைப் பாருங்கள். சாகும் நேரத்தில் இடைவிட்டு வரும் விக்கல் போன்ற இழுப்பு மூச்சல்ல. மூச்சு இல்லையென்றால், நீரில் மூழ்கியவருக்கு முதலில் ஐந்து முறை ஊதுங்கள். வளர்ந்தவரின் இதயம் வேறு காரணத்தால் திடீரென்று நின்றால் நெஞ்சை அழுத்துவதில் தொடங்குகிறோம். இங்கே இதயம் நிற்கக் காரணமே ஒட்சிசன் போதாமைதான், அதனால் காற்று முந்த வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், இரண்டு ஊதல், மீண்டும் 30. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. ஆழம் வளர்ந்தவருக்கு 5 முதல் 6 சென்ரிமீற்றர், சிறுவருக்கு நெஞ்சுத் தடிப்பின் மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக எழும்ப விட வேண்டும். களைத்தவர் கை தளர்ந்து ஆழம் குறைவது அவருக்கே தெரியாது, எனவே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள்.

வாயிலிருந்து நுரை வரும். அதைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம், அதன் மேலாகவே ஊதுங்கள். சோறோ வாந்தியோ வந்தால் மட்டும் பக்கமாகத் திருப்பி வழித்துவிட்டுத் தொடருங்கள். தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் ஊரில் இன்னமும் நடக்கின்றன. அப்படி வருவது வயிற்றுத் தண்ணீர். அது மூச்சுக்குழாய்க்குள் போய் நிலைமையைக் கெடுக்கும், ஊதவேண்டிய நிமிடங்களும் போய்விடும். கூட்டத்தில் பெரியவர் ஒருவர் அப்படிச் செய்யச் சொல்லி வற்புறுத்துவார். அவரைத் தள்ளிவிடாமல், "ஐயா, அம்புலன்ஸ் வரும் சந்தியில் நின்று வழிகாட்டுங்கோ" என்று ஒரு வேலையைக் கொடுங்கள். மீண்டு எழுந்து பேசுகிற பிள்ளையாக இருந்தாலும் இருமல், மூச்சுத்திணறல், மயக்கச் சோர்வு இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நுரையீரல் பல மணித்தியாலம் கழித்தும் மோசமாகும்.

பாம்பு. வன்னியில் உயிருக்கு ஆபத்தாகக் கடிப்பவை கண்ணாடிப் புடையன், நாகம், எட்டடி விரியன். மணற்பாங்கான கரையோரங்களில் சுருட்டை விரியனும் உண்டு. கண்ணாடிப் புடையன் வயலோரத்திலும் சருகிலும் பற்றையிலும் கிடக்கும், முதுகில் சங்கிலி போன்ற முட்டை வடிவப் புள்ளிகள் இருக்கும், உரத்துச் சீறும். கடித்த இடத்தில் உடனே வலியும் வீக்கமும் வரும், பிறகு இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் பாதிக்கப்படும்.

முகாமுக்கு அதிகம் பயப்பட வேண்டியது எட்டடி விரியனுக்குத்தான். அது இரவில் இரை தேடும், நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிக்கும். கடி நுளம்புக்கடி போலவே இருக்கும், வீக்கம் இராது, பல்லடையாளம் தெரியாமலும் போகும். விடியப்புறம் ஒரு பிள்ளை எழுந்து வயிறு வலிக்கிறது என்று அழும், வாந்தி எடுக்கும். பொறுப்பாளர் இரவுச் சாப்பாட்டைக் குறை சொல்லி இஞ்சித் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்துவிடுவார். சற்று நேரத்தில் இமை சரியும், விழுங்க முடியாது, பேச்சுக் குழறும், பிறகு மூச்சுத் தசை தளரும். எனவே நிலத்தில் படுத்த பிள்ளைக்கு இரவில் திடீரென்று வயிற்றுவலி வந்தால், ரோச் லைற்றை எடுத்து முகத்தைப் பாருங்கள். "கண்ணை அகலத் திற, மேலே பார், நாக்கை நீட்டு" என்று சொல்லுங்கள். இமை முழுதாக எழும்பாவிட்டால் பாம்புக்கடி என்றே எடுத்துக்கொண்டு உடனே புறப்பட வேண்டும். இந்த ஒன்றை நான்கு பொறுப்பாளர்களும் அறிந்திருந்தால் போதும், ஒரு பிள்ளையின் உயிர் தப்பக்கூடும்.

தடுப்பது எளிது. ஒவ்வொருவருக்கும் நுளம்பு வலை கொடுத்து, அதன் விளிம்பைப் பாய்க்கு அடியில் சுற்றிவரச் செருகுங்கள். சோறும் அரிசியும் படுக்கிற இடத்தில் வேண்டாம். அவற்றைத் தேடி எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். இரவில் கழிப்பிடத்துக்குப் போகும்போது சப்பாத்தும் ரோச் லைற்றும் கட்டாயம். விறகு பொறுக்கும்போது முதலில் தடியால் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையை வைக்க வேண்டும். காலையில் சப்பாத்தைத் தட்டிவிட்டுப் போடுங்கள், உள்ளே கொடுக்கான் (தேள்) ஒதுங்கியிருக்கலாம்.

கடித்துவிட்டால் பாம்பிலிருந்து விலகி, பிள்ளையைப் படுக்கவைத்து, கடிபட்ட கை காலை ஆட்டாமல் வைத்திருங்கள். மோதிரம், காப்பு, கொலுசு, மணிக்கூடு, அருணாக்கயிறு எல்லாவற்றையும் வீங்கும் முன்னரே கழற்றுங்கள். எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவதுபோல் ஒரு மட்டையை வைத்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் செய்தால் போதும். கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. கட்டிய இடத்துக்குக் கீழே இரத்தம் போகாமல் தசை அழுகும், அவிழ்த்ததும் தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறும். கீறக் கூடாது, கண்ணாடிப் புடையன் கடித்தவருக்கு இரத்தம் உறையாது என்பதால் கீறிய இடம் நிற்காமல் ஓடும். வாயால் உறிஞ்சுவதும் விஷக்கல் வைப்பதும் நேரத்தை விழுங்குவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. வலிக்குப் பனடோல் கொடுக்கலாம், அஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

விஷக்கடி வைத்தியர்மேல் ஊருக்கு மதிப்பு உண்டு, அதைப் பழித்துப் பேசி ஒருவரும் மாறப்போவதில்லை. பெற்றோரிடம் முகாமுக்கு முன்னரே, "கடிபட்டால் நேரே வைத்தியசாலைக்குத்தான், பார்வை பார்ப்பது வந்த பிறகு" என்று பேசிச் சம்மதம் எடுத்துவிடுங்கள். விஷமுறிவு மருந்து நாளம் வழியாக ஏற்ற வேண்டியது. அதற்கே சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரும் என்பதால் வைத்தியசாலைக்கு வெளியே அதைக் கொடுக்க வழியில்லை. பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டாம், தேடிப்போய் இரண்டாவது ஆள் கடிவாங்குவார். எட்ட நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். கடித்த நேரத்தை எழுதுங்கள். வாகனம் வராமல் மோட்டார் சைக்கிளில்தான் போக வேண்டுமென்றால், பிள்ளையை நடுவில் இருத்தி, பின்னால் ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், நடக்கவிடக் கூடாது. எட்டடி விரியன் கடித்து வழியில் மூச்சு நின்றாலும் இதயம் துடித்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் வைத்தியசாலை வாசல்வரை விடாமல் ஊதிக்கொண்டே போவது பிள்ளையைக் காப்பாற்றும்.

சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் வெயிலின் வேலை மறைவானது. வியர்வை உடனே காற்றில் காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் போனது என்று பிள்ளைக்குத் தெரியாது. நடக்கும்போது மணித்தியாலத்துக்கு அரை லீற்றர், நல்ல வெயிலில் அதற்கு மேலும், தாகம் வரமுன் குடிக்கவேண்டும். நாள் முழுதும் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்காமல் சாப்பாட்டில் உப்பும் சேர வேண்டும். தலையிடி, கால் தசைப்பிடிப்பு, குமட்டல் என்றால் நிழலில் படுக்கவைத்து ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சீனித் தூள்) கொடுங்கள். ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், அரை லீற்றரில் கரைத்தால் உப்பு மிஞ்சும். ஜீவனி இல்லையென்றால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். பிள்ளை மாறிப் பேசுகிறது, இடம் தெரியாமல் தடுமாறுகிறது, விழுந்துவிட்டது, உடம்பு கொதிக்கிறது என்றால் அது வேறு நிலை. உடல் வெப்பம் 40 பாகைக்கு மேலே போய் மூளையைத் தாக்குகிறது. குளிர்ந்த பிறகுதான் வாகனம். கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாகத் தலை முதல் கால்வரை ஊற்றி, இரண்டு பேர் தறப்பாளால் விசிறுங்கள். வியர்த்திருக்கிறதே, அப்படியானால் வெப்பத்தாக்கம் இல்லை என்று நினைக்க வேண்டாம், ஓடி விளையாடியவருக்கு வியர்வையோடேயே இது வரும். நினைவு சரியில்லாதவருக்கு வாயால் எதுவும் கொடுக்காதீர்கள்.

வெட்டுக்காயத்துக்கு வருவோம். விறகு கொத்தும் கோடரி, கத்தி, மண்வெட்டி, கருக்கு மட்டை இவைதான் முகாமில் காரணம். சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் பத்து நிமிடம் அழுத்துங்கள், மணிக்கூட்டைப் பார்த்து. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நின்றுவிட்டதா என்று தூக்கிப் பார்ப்பதுதான் இரத்தம் நிற்காமைக்குக் காரணம், உறைந்த சிறு படலம் ஒவ்வொரு முறையும் பிய்ந்துவிடும். துணி நனைந்தால் மேலே இன்னொன்று வைத்து இன்னும் அழுத்துங்கள். கை காலிலிருந்து பீறிட்டு வந்து அழுத்தியும் நிற்காதபோது மட்டும் இறுக்குக்கட்டு. காயத்துக்கு 5 முதல் 7 சென்ரிமீற்றர் மேலே, மூட்டின்மீது படாமல், நான்கு விரல் அகலத் துணியைச் சுற்றி, தடியைச் செருகி, இரத்தம் நிற்கும்வரை முறுக்கி, நேரத்தை நெற்றியிலோ துணியிலோ எழுதுங்கள். பிறகு வைத்தியசாலைவரை தளர்த்தக் கூடாது. இதே கட்டைப் பாம்புக்கடிக்குப் போடக் கூடாது என்று மேலே சொன்னேன். பிள்ளைகள் இந்த இரண்டையும் குழப்புவார்கள், எனவே ஒரே பாடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேளுங்கள். இலங்கையில் 7ஆம் வகுப்பில் ஏற்புவலி (ரெற்றனஸ்) தடுப்பூசி போடுகிறார்கள், போட்டதா என்று பெற்றோரிடம் எழுதி வாங்கினால் காயத்தின்போது மருத்துவருக்கு உதவும்.

பாலைப்பழக் காலத்தில் மரமேறி விழுவது வன்னியில் நடப்பது. உயரத்திலிருந்து விழுந்த பிள்ளையைத் தூக்கி நிமிர்த்த வேண்டாம். தலையை இரண்டு கையாலும் விழுந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு, கால் விரலை ஆட்டச் சொல்லிக் கேளுங்கள். கைகால் முறிந்திருந்தால் இருக்கும் நிலையிலேயே மட்டை வைத்து, முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாமல் கட்டி, நகத்தை அழுத்தி விட்டுப் பாருங்கள். வெளிறிய நகம் இரண்டு விநாடியில் சிவக்காவிட்டால் கட்டு இறுகிவிட்டது. தூக்கிச்செல்ல ஸ்ரெச்சர் தேட வேண்டாம். இரண்டு நீளத் தடிகளும் மூன்று சாரங்களும் போதும். சாரத்தைத் தடிகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, தையல் பலமா என்று பார்த்து, உங்களில் பாரமானவரை முதலில் முழங்கால் உயரத்துக்குத் தூக்கிச் சோதியுங்கள். அதன் பிறகு குளக்கட்டிலிருந்து வாகனம் வரும் இடம்வரை பயிற்சியாக ஒருமுறை தூக்கி நடந்து, எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். எண்ணியதைவிட இரண்டு மடங்கு ஆகும்.

இனி வன்னிக்கு வெளியே எழுதப்பட்ட முதலுதவிப் பாடங்களில் இல்லாத ஒன்று. கண்ணிவெடி அகற்றல் பெருமளவு முடிந்தாலும் முகமாலைப் பக்கத்திலும் வேறு சில இடங்களிலும் அண்மைக் காலம்வரை வேலை நடந்துகொண்டிருந்தது. வெடிக்காத எறிகணைகள் அகற்றிய நிலத்திலும் மழை மண்ணை அரிக்கும்போது மேலே வரும். இடத்தைத் தெரிவுசெய்யும்போது கிராம அலுவலரிடமும் அங்கே மாடு மேய்ப்பவரிடமும் கேளுங்கள். ஏற்கெனவே மக்கள் நடமாடுகிற நிலத்திலேயே கூடாரம் அடியுங்கள். முகாம் தீயைப் புதிதாகத் துப்புரவாக்கிய காட்டு நிலத்தில் மூட்டாதீர்கள், மண்ணுக்குள் கிடப்பது சூட்டில் வெடித்த சம்பவங்கள் உண்டு. பழைய அடுப்படியில் மூட்டுங்கள். துருப்பிடித்த உலோகம் எதையும் தொடாமல், எறியாமல், வந்த வழியே திரும்பி, பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்ல வேண்டும்.

வெடித்து ஒருவர் காயப்பட்டால், முதலுதவி பழகியவரின் கால் தன்னையறியாமல் ஓடும். அதை நிறுத்தப் பழக்குவதே இங்கே பயிற்சி. எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். காயப்பட்டவரோடு சத்தமாகப் பேசி, அவர் கையாலேயே காயத்தை அழுத்தச் சொல்லுங்கள், துணியையும் தடியையும் எறிந்து இறுக்குக்கட்டு எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுங்கள். 119க்கும் (பொலிஸ்) 1990க்கும் (அம்புலன்ஸ்) அழையுங்கள். கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் ஓடிப்போன ஒருவரும் மிதித்துவிட்டால் காப்பாற்ற வேண்டியவர் இருவராகிவிடுவர்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளவி கலைந்தால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓட வேண்டும், நின்று விசுக்கக் கூடாது, தண்ணீருக்குள் பாயக் கூடாது. கொட்டிய பின் உதடு வீங்குதல், குரல் அடைத்தல், மூச்சிரைப்பு, உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம் வந்தால் அது உயிராபத்தான ஒவ்வாமை. படுக்கவைத்துக் காலை உயர்த்தி, மூச்சு முட்டினால் சாய்ந்து இருக்கவிட்டு உடனே வைத்தியசாலைக்கு. வலிப்பு வந்தவரின் வாயில் எதையும் வைக்காதீர்கள், கையில் திறப்புக் கொடுப்பதால் எதுவும் நிற்காது. தலைக்கடியில் மென்மையான துணி வைத்து நேரம் பாருங்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அம்புலன்ஸ். சுட்ட காயத்துக்கு 20 நிமிடம் ஓடும் தண்ணீர், பற்பசையும் நெய்யும் வேண்டாம். நாய், குரங்கு, கீரி கடித்தால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, விசர்நாய்த் தடுப்பூசிக்கு அன்றே அனுப்புங்கள். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி வரும். மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் 30 விநாடிக்குக் குறைவென்றால் குளக்கட்டிலும் வயல் வெளியிலும் தனிமரத்தடியிலும் நிற்க வேண்டாம், கட்டிடத்துக்கோ வாகனத்துக்கோ போங்கள். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் மின்சாரம் அடிக்காது, மூச்சு இல்லாதவரை முதலில் கவனியுங்கள்.

பெட்டியை 25 பிள்ளைகளுக்கு, இரண்டு இரவுக்கு என்று கணக்கிட்டால்: முக்கோணத் துணி 6, பத்து சென்ரிமீற்றர் கிரேப் பண்டேஜ் 4, கிருமி நீக்கிய கோஸ் பைக்கற் 20, பெரிய காயத்துக்கான தடித்த பஞ்சுத்துணி 4, ஒட்டும் பிளாஸ்ரர் உருளை 2, சிறு பிளாஸ்ரர் 40, கையுறை 10 சோடி, காயம் கழுவ 500 மில்லிலீற்றர் சேலைன் 2, கத்தரிக்கோல், முள்ளும் உண்ணியும் எடுக்கக் கூர்முனைச் சாமணம், வெப்பமானி, ஊதுவதற்கான முகமூடி, ஜீவனி 12 பைக்கற், பனடோல், சவர்க்காரம், ரோச் லைற் இரண்டும் மேலதிக பற்றரியும், விசில், குறிப்புப் புத்தகம், பென்சில். உறிஞ்சும் பாம்புக்கடிக் கருவி விற்பார்கள், வாங்க வேண்டாம். தொய்வு உள்ள பிள்ளையின் இன்ஹேலர் பெட்டிக்குள் பூட்டியிருக்கக் கூடாது, பிள்ளையின் சட்டைப்பையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் மூடி இறுகும் பிளாஸ்ரிக் வாளிக்குள் வையுங்கள். மழை போகாது, கவிழ்த்தால் இருக்கையாகவும் உதவும்.

1990 அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடக்கிலும் இலவசமாக இயங்குகிறது. அழைப்பவர் "குளத்தடியில் நிற்கிறோம்" என்றால் அவர்களுக்கு விளங்காது. முதல் நாளே ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கூடாரத்தில் தொங்கவிடுங்கள்: குளத்தின் பெயர், கிராம அலுவலர் பிரிவு, பிரதான வீதியில் எந்தச் சந்தி, எத்தனையாவது கிலோமீற்றர் கல், அங்கிருந்து எத்தனை கிலோமீற்றர் உள்ளே, பாதையில் கார் போகுமா. சிக்னல் எந்த வலையமைப்புக்கு எந்த மேட்டில் கிடைக்கிறது என்பதையும் நடந்து பார்த்து எழுதுங்கள். கட்டின் மேல் இரண்டு கோடு இருக்கும், கீழே கூடாரத்தில் ஒன்றும் இராது. பக்கத்துக் கிராமத்தில் வான் அல்லது உழவு இயந்திரம் வைத்திருக்கும் இருவரிடம் இரவிலும் வருவீர்களா என்று முன்கூட்டியே கேட்டு இலக்கம் வாங்குங்கள். அம்புலன்ஸ் உள்ளே வர முடியாத பாதையென்றால், அவர்கள் உங்களைச் சந்திக்கும் சந்திவரை நீங்களே கொண்டுபோக வேண்டும்.

நான்கு பொறுப்பாளருக்கும் வேலையை இப்போதே பிரித்துவிடுங்கள். ஒருவர் காயப்பட்டவரிடம், ஒருவர் போனில், ஒருவர் சந்தியில் ரோச் லைற்றுடன், ஒருவர் மிச்ச 24 பிள்ளைகளோடு. நாலாமவரை மறந்துவிடுவார்கள். எல்லோரும் ஒரு பிள்ளையைச் சுற்றி நிற்கும்போதுதான் இன்னொன்று தண்ணீரில் இறங்கும். 16, 17 வயதுப் பிள்ளைகளில் நால்வரை மாற்று ஆட்களாகப் பழக்குங்கள். நெஞ்சை அழுத்தும் பலம் 12, 13 வயதில் பலருக்கு வந்துவிடும். அந்தப் பலம் இன்னும் வராதவர்கள் போன் எடுப்பதையும் கானை எறிவதையும் பழகட்டும்.

வைத்தியசாலையில் பிள்ளையை ஒப்படைக்கும்போது குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுங்கள்: பெயர், வயது, நிறை, நடந்தது என்ன, எத்தனை மணிக்கு, என்ன செய்தீர்கள், என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், பழைய நோய், ஒவ்வாமை, கடைசியாக எப்போது சாப்பிட்டது. அதே தாளின் பிரதி ஒன்று உங்களிடமும் இருக்கட்டும், பெற்றோர் வந்து கேட்கும்போது நினைவிலிருந்து சொல்லத் தேவையில்லை.